மாலாவில் ஏறிய பட்டாணியும் நானும்

நாய்களைப் பற்றி எனக்கு எல்லாம் தெரியும் என்று பியூலாவிடம் நான் சொன்னது பொய். இப்போது அவள் என் மனைவி. கல்யாணமாகி ஒன்பது வருஷம் ஆகிறது. இனிமேல் என்னை விட்டுவிட்டு எங்கே போகப்போகிறாள் என்ற தைரியத்தில்தான் இதை எழுதுகிறேன். உண்மையில் எனக்கு நாய் என்றால் பயம். தாராவியில் எங்கள் சந்து முனையில் ஒரு கிழட்டு நாய் படுத்திருக்கும். அது கொட்டாவி விட்டால்கூட நான் சுற்றுவழியில்தான் ஸ்டேஷனுக்குப் போவேன்.

ஆனால் இருபத்தெட்டு வயதில், வாஷி ஸ்டேஷனிலிருந்து ஆபீஸ் வரைக்கும் பக்கத்தில் நடந்து வருகிற பெண் தன் போனில் ஒரு நாயின் படத்தைக் காட்டி, "உங்களுக்கு நாய் பிடிக்குமா?" என்று கேட்டால் என்ன பதில் சொல்வது? பிடிக்கும் என்றேன். அதோடு வாயை மூடியிருக்கலாம். "எங்க வம்சமே நாய் வளத்த வம்சம்" என்று சேர்த்துக்கொண்டேன். (எங்கள் வம்சத்தில் ஒருவரும் எலியும் அதற்காக ஒரு பூனையும் தவிர வேறெதையும் வளர்த்ததில்லை. அதுவும் விரும்பி வளர்த்ததல்ல.)

பியூலாவின் நாய்க்குப் பெயர் பட்டாணி. டெரியர் ஜாதி. வெள்ளை உடம்பு, ஒரு காது மட்டும் பழுப்பு, முகமெல்லாம் கம்பி கம்பியாக மயிர். மடியில் வைத்துக்கொள்ளலாம் போன்ற அளவுதான், ஆனால் தன்னை ஓர் எருமை மாடு என்று நினைத்துக்கொண்டிருக்கிற நாய். அதை வளர்த்தவர் பியூலாவின் அப்பா. துறைமுகத்தில் வேலை பார்த்தவர். அவருடைய கடைசி ஆறு மாதமும் கட்டிலுக்குக் கீழேயே படுத்துக் கிடந்ததாம். அவர் போன பிறகும் மூன்று நாள் அந்த இடத்தை விட்டு நகரவில்லையாம். அம்மா முன்பே இல்லை. அதனால் செம்பூரில் அந்த வாடகை வீட்டில் பியூலாவும் பட்டாணியும் மட்டும்தான் இருந்தார்கள். வாஷியில் இருந்த அண்ணன், நாயை யாரிடமாவது கொடுத்துவிட்டு நல்லபடியாகக் கல்யாணம் பண்ணிக்கொள் என்று வாரத்துக்கு ஒரு தடவை போன் பண்ணிக்கொண்டிருந்தார்.

நான் கல்யாணப் பேச்சை எடுத்தபோது அவள் சுற்றி வளைக்காமல் சொன்னாள். "எங்க அப்பா கடைசியா எங்கிட்ட கேட்டது ஒண்ணே ஒண்ணுதான், பட்டாணிய விட்ராதன்னு. நான் வந்தா அவனும் வருவான். உங்க வீட்ல முடியாதுன்னா இப்பவே சொல்லிருங்க, நான் கோவிச்சுக்க மாட்டேன்."

"அதெல்லாம் எங்கிட்ட விடு" என்றேன். என் வாழ்க்கையில் நடந்த அத்தனை விபத்துகளும் இந்த மூன்று வார்த்தையில்தான் ஆரம்பித்திருக்கின்றன.

விடுகிற மாதிரியான விஷயம் அல்ல அது. என் அம்மாவுக்கு நாய் என்றால் என்னைவிடப் பயம். சின்ன வயதில், ஊரில், ஒரு நாய் கடித்து, தொப்புளைச் சுற்றிப் பதினாலு ஊசி போட்டுக்கொண்டவள். டிவியில் நாய் வந்தாலும் காலைத் தூக்கி நாற்காலியில் வைத்துக்கொள்வாள். பெண்ணின் போட்டோவைப் பார்த்து, நம்ம சபைதான், நம்ம பக்கத்துப் பிள்ளைதான், வரச்சொல்லு என்று சந்தோஷமாகச் சொன்னவள், கூடவே ஒரு நாய் உண்டு என்றதும் தோசைக் கரண்டியைக் கீழே வைத்தாள். "அது உள்ள வந்தா நான் வெளிய போறேன்" என்றாள். அவள் கத்தவில்லை. கத்தியிருந்தால் சமாளித்திருப்பேன். ரயில்வேயில் இருந்து ஓய்வு பெற்ற என் அப்பா, தண்டவாளத்தில் ஏதோ பிரச்சினை என்று தெரிந்தால் வண்டியை முந்தின ஸ்டேஷனிலேயே நிறுத்தி வைக்கிற ஆள். பேப்பரைத் தூக்கி முகத்துக்கு முன்னால் பிடித்துக்கொண்டார்.

பியூலாவிடம் இதைப் பாதி மட்டும் சொன்னேன். அம்மாவுக்குக் கொஞ்சம் கூச்சம் என்றேன். அவள் உடனே உட்கார்ந்து ஒரு நீளமான வாட்ஸ்அப் செய்தி அனுப்பினாள். பட்டாணிக்குப் புது ஆட்களை எப்படிப் பழக்குவது என்று. முதலில் வீட்டுக்குள் வேண்டாம், தெருவில் வைத்து ஒவ்வொருவராகச் சந்திக்கட்டும். யாரும் அவன் கண்ணை நேராகப் பார்க்கக் கூடாது, குனிந்து தலையில் கை வைக்கக் கூடாது. பக்கவாட்டில் திரும்பிச் சும்மா நின்றால் போதும், அவனே வந்து மோந்து பார்ப்பான். பூனை இருந்தால் முதல் வாரம் இரண்டும் ஒன்றையொன்று பார்க்கவே வேண்டாம், ஒரு துணியில் அதன் வாசனையைக் கொடுத்து அனுப்புங்கள். சுற்றிலும் தின்பண்டம் கூடாது. முக்கியமாகக் கூட்டம் கூடாது.

படித்துவிட்டுச் சிரித்தேன். நம் ஆட்களுக்கு ஒருவரை அறிமுகம் செய்வது என்றால் எல்லோரையும் ஒரே இடத்தில் கூட்டி, வட்டமாக உட்காரவைத்து, நடுவில் அவரை நிறுத்தி, டீ பலகாரம் கொடுத்து, பெரியவர்கள் தலையில் கைவைத்து ஆசீர்வாதம் பண்ணுவதுதானே. நானும் வேலையில் சேர்ந்தபோது அப்படித்தான் நின்றேன். என்னை யாராவது துணியில் மோந்து பார்த்தார்களா?

அப்போதுதான் என் மூளையில் அந்த மகத்தான யோசனை உதித்தது. எங்கள் பக்கத்துச் சபைகளில் போதகரை ஐயர் என்போம். (இதையே மாட்டுங்காவில் சொன்னால் வேறொருவர் திரும்பிப் பார்ப்பார்.) எங்கள் வீட்டுக்குள் புதிதாக எது வந்தாலும் ஐயர் வந்து ஜெபம் பண்ணுவார். மிக்சிக்குப் பண்ணியிருக்கிறார். என் பாஸ்போர்ட்டுக்குப் பண்ணியிருக்கிறார். ஐயர் ஜெபம் பண்ணின பொருளை அம்மா ஒருநாளும் வெளியே அனுப்பமாட்டாள். எங்கள் பிரிட்ஜ் பதினோரு வருஷமாகத் தரையில் தண்ணீர் விட்டுக்கொண்டிருந்தது, அப்பா எத்தனையோ தடவை பழைய சாமான்காரனைக் கூட்டிக்கொண்டு வந்தார். ஜெபம் பண்ணினது என்று ஒரே வார்த்தையில் அம்மா அவனைத் திருப்பி அனுப்பினாள். பிரிட்ஜுக்குக் கிடைத்த பாதுகாப்பு பட்டாணிக்கும் கிடைத்துவிட்டால் என் கல்யாணம் முடிந்த மாதிரிதான்.

பியூலா கூட வருகிறேன் என்றாள். பெண் பார்ப்பதற்கு முன்னால் பெண் மாப்பிள்ளை வீட்டு வாசலை மிதிக்கக்கூடாது என்று அம்மா கண்டிப்பாகச் சொல்லியிருந்தாள். நாய்க்கு அப்படி ஒரு சட்டம் இல்லை. ஆக நாய் முதலில், பெண் பிறகு என்று முடிவு செய்தேன். "கூட்டம் இல்லல்ல?" என்று அவள் கேட்டாள். சத்தியமாக இல்லை என்றேன்.

ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்ததும் நேராகச் செம்பூருக்குப் போய்ப் பட்டாணியை வாங்கிக்கொண்டேன். இரண்டு ஆட்டோக்காரர்கள் நாயைப் பார்த்து மாட்டேன் என்றார்கள், மூன்றாமவர் என் முகத்தைப் பார்த்து இரக்கப்பட்டார். வழி முழுக்கப் பட்டாணி வெளியே பார்த்துக்கொண்டு வந்தது, நான் பட்டாணியைப் பார்த்துக்கொண்டு வந்தேன். கயிற்றின் நுனியை இரண்டு விரலால் பிடித்திருந்தேன்.

எங்கள் சந்துக்குள் நுழைந்ததும் முதல் அறிமுகம் ஓர் ஆட்டோடு நடந்தது. பக்ரீத் நெருங்கிக்கொண்டிருந்ததால், பை தைக்கிற பட்டறை வைத்திருக்கிற மைதீன் பாய் வாசலில் ஒரு கிடா கட்டியிருந்தார். பட்டாணி அதைப் பார்த்துக் குரைத்தது. கிடா தலையைத் தாழ்த்தியது. பட்டாணி பின்வாங்கவில்லை, நான் வாங்கினேன். அதற்குள் பட்டாணி என் காலை மூன்று சுற்றும் கிடாவின் காலை ஒரு சுற்றும் சுற்றிவிட்டதால் மூவரும் ஒரே கட்டாக நின்றோம். மைதீன் பாய் எழுந்து வந்து ஆட்டுக் கயிற்றை அவிழ்த்து எங்களைப் பிரித்தார். தான் நாயைத் தொடாமல் தள்ளி நின்றுகொண்டு, "தம்பி, நாய்க்குப் பின்னால நீங்க ஒளிஞ்சா எப்பிடி? நீங்கதான முன்னால நிக்கணும்" என்று மட்டும் சொன்னார். இதற்கு மேல் ஓர் எச்சரிக்கை ஒரு மனிதனுக்குத் தேவையில்லை. ஆனால் நான் நேரமாகிவிட்டது என்று நடந்தேன்.

எங்கள் வீடு ஒரே அறை. மும்பையில் அப்படி அறைகளுக்குள் பாதி உயரத்தில் பலகை அடித்து ஒரு மேல்தட்டு கட்டுவார்கள், அதை மாலா என்போம். அதில் நிமிர்ந்து நிற்க முடியாது, தவழலாம். என் படுக்கை, டிரங்குப் பெட்டி, அரிசிமாவு டப்பா, கிறிஸ்துமஸ் நட்சத்திரம் எல்லாம் அங்கேதான். ஏறுவதற்குச் சுவரோடு ஒட்டிய இரும்பு ஏணி.

கீழே நான் ஏற்பாடு செய்தபடியே எல்லோரும் வட்டமாக உட்கார்ந்திருந்தார்கள். ஐயர் வெள்ளை அங்கியோடு நடு நாற்காலியில். பக்கத்தில் அப்பா. எதிரில் அப்பாவின் தங்கை ஞானம் அத்தை, காட்கோபரிலிருந்து இதற்கென்றே வந்திருந்தாள். (அத்தைக்குச் சொன்னால் தனியாக ஒரு வாட்ஸ்அப் குழுவுக்குச் சொல்லவேண்டியதில்லை.) நடுவில் முக்காலி, அதில் ஒரு தட்டு நிறைய முட்டை பப்ஸ். பியூலாவின் பட்டியலில் இருந்த அத்தனை 'கூடாது'களையும் ஓர் அறைக்குள் இவ்வளவு கச்சிதமாக வேறு யாராலும் அடுக்கியிருக்க முடியாது.

அம்மா பட்டாணியைப் பார்த்ததும் எழுந்து அடுப்பு மேடைப் பக்கம் போனாள். "ஏல செல்வின், என்னல இது? ஐயா எதுக்கு வாராகன்னு கேட்டதுக்கு வீட்டு ஜெபம்னு சொன்ன" என்றாள்.

"வீட்டு ஜெபந்தாம்மா. வீட்டுக்கு வாரவங்களுக்கு" என்றேன். ஐயர் இருந்ததால் அவள் முகத்தை மட்டும் அடுப்புப் பக்கம் திருப்பிக்கொண்டு நின்றாள்.

மூன்று ஜோடிக் கண்கள் பட்டாணியை நேராகப் பார்த்தன. அத்தை கண்ணாடியை எடுத்துப் போட்டுக்கொண்டு பார்த்தாள். இது ஆணா பெண்ணா, பால் குடிக்குமா, எந்த ஊர் ஜாதி என்று வரிசையாகக் கேட்டாள். மாப்பிள்ளை பார்க்கப் போனாலும் அவள் இதே வரிசையில்தான் கேட்பாள். நான் பெருமையோடு, "பட்டாணி, கை குடு" என்றேன். அது கொடுக்கவில்லை. காதைப் பின்னால் மடக்கி உதட்டை நக்கியது. "பசிக்கி போல" என்று அப்பா சொல்லி, குனிந்து அதன் தலையில் கை வைத்தார். உறுமியது. பிறகு ஐயர் எழுந்து வந்து இரண்டு கைகளையும் சேர்த்துத் தலையில் வைத்தார். அது காற்றைக் கடித்தது. ஐயருடைய விரலுக்கும் பல்லுக்கும் நடுவே ஒரு ஜெபப் புத்தகம் போகிற இடைவெளிதான் இருந்திருக்கும். அவர் பெரிய மனிதர். கைகளை எடுத்து அங்கிக்குள் வைத்துக்கொண்டு, "நாம ஜெபத்துக்குப் போயிருவோம்" என்றார்.

எல்லோரும் கண்ணை மூடினோம்.

ஐயருடைய ஜெபத்தைப் பற்றித் தாராவியில் தெரியாதவர்கள் கிடையாது. இந்தக் காலை வேளைக்காக நன்றி சொல்லித் தொடங்குவார். தேசத்துத் தலைவர்களுக்காக, மழைக்காக, ரயிலில் போகிறவர்களுக்காக, வளைகுடாவில் இருக்கிறவர்களுக்காக, பரீட்சை எழுதுகிறவர்களுக்காக வரிசையாக வருவார். எதற்காகக் கூடியிருக்கிறோமோ அது கடைசியில்தான் வரும். பட்டாணி வர இன்னும் பத்து நிமிஷமாவது ஆகும் என்று கணக்குப் போட்டேன். கயிறு என் கையில் பத்திரமாக இருந்தது. தளர்ந்து போய்ப் பத்திரமாக இருந்தது என்பதைத்தான் நான் கவனிக்கவில்லை. தலையைப் பின்னுக்கு இழுத்துக் கழுத்துப்பட்டையிலிருந்து கழன்றுகொள்வது பட்டாணிக்கு மிகவும் பிடித்த வேலை என்று பியூலாவின் செய்தியில் கடைசி வரியாக இருந்திருக்கிறது. நான் கடைசி வரைக்கும் படிக்கவில்லை.

தரையில் நகம் படுகிற சத்தம் கேட்டது. பிறகு முக்காலி லேசாக ஆடியது. பிறகு யாரோ முட்டை பப்ஸ் தின்றார்கள்.

ஒற்றைக் கண்ணைத் திறந்தேன். பட்டாணி தட்டில் முன்னங்கால் வைத்து மூன்றாவது பப்ஸில் இருந்தது. அதே நேரம் எதிரில் ஞானம் அத்தையும் ஒற்றைக் கண்ணைத் திறந்து வைத்திருந்தாள். நாங்கள் இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம். ஜெபத்தில் கண்ணைத் திறந்தது யார் என்று சொல்பவர், தானும் திறந்தவர் ஆகிவிடுவார். அத்தை சபையில் பெண்கள் ஐக்கியத்துக்கு முப்பது வருஷமாகத் தலைவி. மெதுவாகக் கண்ணை மூடிக்கொண்டாள். நானும் மூடிக்கொண்டேன். இதைவிடக் கோழைத்தனமான காரியத்தை நான் அதுவரை செய்ததில்லை. செய்வதற்கு அன்றைக்கே இன்னும் நேரமிருந்தது.

ஐயரின் ஜெபம் நோயாளிகளுக்கு வந்திருந்தபோது எங்கள் பூனை ஜன்னல் வழியாக உள்ளே வந்தது. எங்கள் வீட்டுப் பூனைக்குப் பெயரெல்லாம் கிடையாது. எலிக்காக வைத்திருக்கிறோம் என்று அம்மா சொல்வாள், எலியோடு சமாதானமாக வாழ்கிற பூனை. முட்டை வாசனைக்கு வந்திருக்கும். அதன் பிறகு நடந்ததைக் கண்ணை மூடிக்கொண்டே முழுவதும் கேட்டேன். ஒரு சீறல். முக்காலி விழுந்தது. தட்டு உருண்டது. ஏணியில் பூனை ஏறியது. அதன் பின்னால், நாய் ஏணி ஏறாது என்ற என் நம்பிக்கையை மிதித்துக்கொண்டு, பட்டாணி ஏறியது. தலைக்கு மேல் பலகை அதிர்ந்தது. டிரங்குப் பெட்டி நகர்ந்தது. அரிசிமாவு டப்பா ஐயர் தலையில் திறந்துகொண்டு விழுந்தது. வெள்ளை அங்கி என்பதால் சேதம் உடனே தெரியவில்லை.

"ஆமென்" என்றார் ஐயர். நான் கேட்டதிலேயே மிகச் சிறிய ஜெபம் அதுதான்.

பூனை மாலாவின் காற்றோட்டச் சந்து வழியாகப் பக்கத்துத் தகரக் கூரைக்குப் போய்விட்டது. பட்டாணி மட்டும் மேலே நின்றது. ஏறத் தெரிந்த நாய்க்கு இறங்கத் தெரியவில்லை. ஏணியை எட்டிப் பார்த்து அழுதது. எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். அப்பா பேப்பர் இல்லாததால் நேராகவே பார்த்தார். "நாய் வளத்த வம்சம்ல, ஏறு" என்றார். (பியூலாவிடம் அளந்ததை வீட்டிலும் வந்து சொல்லியிருந்தேன், முட்டாள்.)

ஏறினேன். பட்டாணி டிரங்குப் பெட்டிக்குப் பின்னால் பதுங்கி உறுமியது. அதைப் பிடிக்க நான் வயிற்றால் ஊர்ந்து உள்ளே போனேன். அது பக்கவாட்டில் நழுவி வெளியே வந்தது. படுத்தபடியே நான் ஏணிப் பக்கம் திரும்பும்போது என் பெல்ட் பலகையில் நீட்டிக்கொண்டிருந்த ஓர் ஆணியில் மாட்டிக்கொண்டது. நான் அசைய முடியாமல் கிடந்த நேரத்தில் பட்டாணி வந்து எனக்கும் ஏணிக்கும் நடுவில் உட்கார்ந்தது. அதன் மூக்கு என் மூக்கிலிருந்து ஒரு சாண் தூரம். நேராகக் கண்ணைப் பார்க்கக் கூடாது என்பது ஞாபகத்துக்கு வந்தது, ஆனால் அந்த மாதிரி நேரத்தில் வேறு எதைப் பார்ப்பது? அது பல்லைக் காட்டியது. இருபத்தெட்டு வயது, ஷிப்பிங் கம்பெனியில் உதவி மேலாளர், கல்யாணத்துக்குப் பெண் தேடிக்கொண்டவன், குப்புறப் படுத்தபடி, "யம்மா" என்று கூப்பிட்டேன்.

அப்போது கீழே என் போன் அடித்தது. பியூலாதான். எப்படிப் போயிற்று என்று கேட்பதாகச் சொல்லியிருந்தாள். மேலே கிடந்த நான் அதை எடுக்க வேண்டாம் என்று சொல்ல வாயைத் திறந்தேன், பட்டாணி உறுமியது, மூடிக்கொண்டேன். அப்பா ஸ்பீக்கரைப் போட்டு அம்மாவிடம் நீட்டினார். வருங்கால மாமியாரும் மருமகளும் முதன்முதலாகப் பேசிக்கொண்டது இப்படித்தான்.

"யாரு, பியூலாவா? நான் செல்வினோட அம்மா பேசுதேன்."

"ஸ்தோத்திரம் ஆன்ட்டி. பட்டாணி எங்க?"

"மேல இருக்கு. செல்வினும் மேலதான் கெடக்கான். ரெண்டு பேருக்கும் எறங்கத் தெரியல."

எத்தனை பேர் இருக்கிறீர்கள் என்று அவள் கேட்டாள். அம்மா ஒளிக்காமல் ஐயரையும் அத்தையையும் முட்டை பப்ஸையும் சொன்னாள். பியூலா என்னைத் திட்டுவாள் என்று எதிர்பார்த்தேன். என்னைப் பற்றிய பேச்சையே அவள் எடுக்கவில்லை.

"அவன் கெட்டவன் இல்ல ஆன்ட்டி" என்றாள். "பயந்துட்டான். அப்பா போனதுக்கப்புறம் இன்னொரு வீட்டுக்குள்ள அவன் போனதே இல்ல. நான் இப்பவே ஆட்டோ புடிச்சு வந்து கூட்டிட்டுப் போயிடுறேன். உங்களுக்கு இனிமே எங்களால தொந்தரவு இருக்காது."

எங்களால் என்றாள். அவனால் என்று சொல்லவில்லை. மேலே படுத்திருந்த எனக்கு அது நன்றாகவே கேட்டது. என் கல்யாணம் அந்த ஒரு வார்த்தையில் முடிந்துபோனது என்று புரிந்தது. சத்தியமாகக் கூட்டமில்லை என்று சொன்ன வாயை அந்தப் பலகையிலேயே தேய்த்துக்கொள்ளலாம் போலிருந்தது.

"எனக்கும் பயந்தான் ட்டி" என்றாள் அம்மா. "நீ வந்து சேர முக்கா மணி நேரமாவும். அதுக்குள்ள அது குதிச்சு கால ஒடிச்சிக்கிடும். என்ன செய்யணும்னு சொல்லு, நான் செய்யுதேன்."

அப்பா தடுத்தார். அத்தை ஐயரை இன்னொரு தரம் ஜெபிக்கச் சொன்னாள். ஐயர் மாவைத் தட்டிக்கொண்டே வாயைத் திறந்தார். "ஐயா, கொஞ்சம் பொறுங்க" என்று அம்மா சொன்னதை நான் முதலும் கடைசியுமாக அன்றுதான் கேட்டேன்.

பியூலா ஒவ்வொன்றாகச் சொன்னாள். ஏணியில் தலை தெரிகிற வரைக்கும் ஏறுங்கள். அவனைப் பார்க்காதீர்கள். முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொள்ளுங்கள். கையை நீட்டாதீர்கள். பேசாதீர்கள். சும்மா நில்லுங்கள். இதெல்லாம் நீ சொல்லாமலே செய்வேன் என்றாள் அம்மா. அவள் ஏறினாள். நான் இருந்த இடத்திலிருந்து அவளுடைய தலையின் பின்பக்கமும், ஏணிக் கம்பியைப் பிடித்த ஒரு கையும் மட்டும் தெரிந்தன. விரல் வெளுத்திருந்தது. முகம் முழுக்கச் சுவர்ப்பக்கம். கண்ணை இறுக்கி மூடியிருப்பாள், எனக்குத் தெரியும்.

அந்தப் பட்டியலை நான் படித்துவிட்டுச் சிரித்தேன் என்று சொன்னேன் அல்லவா. அந்த வீட்டில் இருந்த ஒருவரும் பட்டாணிக்குச் செய்யாத மரியாதை அத்தனையையும் அம்மா அது உள்ளே வந்ததிலிருந்தே செய்துகொண்டிருந்தாள். பார்க்கவில்லை, தொடவில்லை, குனியவில்லை, கை குடு என்று கேட்கவில்லை. பயத்தில்தான் செய்தாள், ஆனால் நாய்க்கு அந்தக் கணக்கெல்லாம் கிடையாது.

உறுமல் நின்றது. பட்டாணி எழுந்தது. என்னை ஒரு தடவை திரும்பிப் பார்த்துவிட்டு, அம்மாவிடம் போய், அவள் காதுக்குப் பின்னால் மூக்கை வைத்தது.

"என்ன பண்றான் ஆன்ட்டி?" என்றது கீழேயிருந்து போன்.

"காதுல மூச்சு விடுது" என்றாள் அம்மா, உதடு அசையாமல்.

"அப்பாகிட்டயும் அப்பிடித்தான் பண்ணுவான். இனி பயமில்ல. மெதுவா ஒரு கைய அவன் நெஞ்சுக்குக் கீழ குடுத்து தோள்ல சாச்சுக்குங்க."

எவ்வளவு நேரம் ஆனது என்று தெரியாது. ஒரு கை மெதுவாகப் பின்னால் வந்தது. பட்டாணி அந்தக் கைக்குள் தானாக ஏறிக்கொண்டு, அம்மாவின் தோளில் தாடையை வைத்தது. அவள் ஒவ்வொரு படியாக இறங்கினாள். கீழே போனதும் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். இரண்டு பேரில் யார் நடுங்குகிறார்கள் என்று பார்க்கிறவர்களுக்குத் தெரியவில்லை என்று அப்பா பின்னால் சொன்னார்.

"எறக்கிட்டேன் ட்டி" என்றாள் அம்மா போனிடம். மறுபக்கம் மூக்கை உறிஞ்சுகிற சத்தம் வந்தது.

"என்ன, அழுறியா?"

"இல்ல ஆன்ட்டி."

"ஆன்ட்டி என்னட்டி ஆன்ட்டி. அத்தன்னு சொல்லு."

"அத்த" என்றாள் அவள். சரி, ராத்திரிக்கு இது என்ன சாப்பிடும் என்று அம்மா கேட்டாள்.

இப்படித்தான் எனக்குக் கல்யாணம் நிச்சயமானது. அப்போது நான் மாலாவில், ஆணியில் பெல்ட் மாட்டி, குப்புறக் கிடந்தேன். என் சம்மதத்தை யாரும் கேட்கவில்லை. "அம்மா, நான்?" என்று மேலேயிருந்து கேட்டதற்கு, "நீ கொஞ்சம் இரு" என்றாள். சோறு எத்தனை வேளை, மீன் முள் ஆகுமா ஆகாதா, மழைக்கு இடி இடித்தால் பயப்படுமா என்று அவர்கள் பேசி முடிக்கக் கால் மணி நேரம் ஆனது. கடைசியில் அப்பாதான் ஏணியில் நாலு படி ஏறி ஒரு கத்திரிக்கோலை மேலே எறிந்தார். நல்ல பெல்ட் அது.

பியூலா அன்றைக்கே ஆட்டோவில் வந்தாள். பெண் மாப்பிள்ளை வீட்டு வாசலை மிதிக்கக் கூடாது என்ற சட்டத்தை எடுத்துப் பேச அங்கே யாருக்கும் தெம்பில்லை. அம்மா மடியில் நாயோடு உட்கார்ந்தபடியே அவளைப் பார்த்தாள், எழுந்தால் தூக்கம் கலைந்துவிடும் என்று எழவில்லை. என்னை வாசலுக்கு வெளியே கூட்டிக்கொண்டு போய் பியூலா பேசினதை இங்கே எழுதுவதற்கில்லை. கடைசியாக அவள் சொன்னதை மட்டும் எழுதுகிறேன். "உங்களுக்கு நாய்னா பயம்னு எனக்கு முதல் நாளே தெரியும். பட்டாணி போட்டோவக் காட்டினப்பவே ஒரு அடி தள்ளி நடந்தீங்க. பயம்னு சொல்லியிருந்தா உங்களுக்கும் சேத்து சொல்லிக் குடுத்திருப்பேன்."

பட்டாணிக்கு இப்போது வயதாகிவிட்டது. காது சரியாகக் கேட்பதில்லை, ஒரு கண்ணில் வெண்மை படர்ந்திருக்கிறது, அம்மா கட்டிலுக்குக் கீழே படுத்திருக்கிறது. அம்மாவுக்கு நாய் பயம் போய்விட்டதா என்றால் அதுவும் இல்லை. சந்து முனையில் ஒரு நாய்க்குட்டி நின்றாலும் என் கையைப் பிடித்துக்கொண்டுதான் கடப்பாள். நாங்கள் இரண்டு பேரும் ஒன்றாகத்தான் சுற்றுவழியில் போகிறோம். பட்டாணி நாயே அல்ல என்பது அவள் கட்சி.

அன்றிலிருந்து எங்கள் குடும்பத்தில் யாரையும் யாருக்கும் அறிமுகம் செய்துவைக்கிற உரிமை எனக்கு இல்லை. போன மாதம் ஞானம் அத்தையின் பேரனுக்கு நிச்சயமான பெண் எங்கள் வீட்டுக்கு முதல் தடவையாக வந்திருந்தாள். நான் வாயைத் திறப்பதற்குள் அம்மா கையைக் காட்டி என்னை உட்காரச் சொல்லிவிட்டாள். அவளே அந்தப் பெண்ணைப் பக்கவாட்டில் உட்காரவைத்து, பட்டாணி வந்து மோந்து முடிக்கும்வரை காத்திருந்து, பிறகு எங்களை வரிசையாகக் காட்டினாள்.

"இவன் பட்டாணி. எங்க வீட்டுக்கு மருமகளக் கூட்டிட்டு வந்தவன்" என்றாள். அப்புறம் என் பக்கம் திரும்பினாள். "இவன் அன்னைக்கு மேல மாட்டிக்கிட்டுக் கெடந்தவன்."